உறவுமுறை: சகோதரன்

மருத்துவமனைப் படிவத்தில் ‘நோயாளிக்கு உறவுமுறை’ என்று ஒரு கட்டம் இருந்தது. லாண்டரிக்காரர் அதில் ‘சகோதரன்’ என்று எழுதினார். யோசித்து எழுதவில்லை. பொய் எழுதும் எண்ணமும் இல்லை. இருபத்தைந்து வருடமாக அந்த மனிதரை அவர் ‘பிரதர்’ என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். சண்டை வந்த பிறகும் அப்படித்தான். பேனா என்னுடையது. திருப்பி வாங்கிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டேன். எனக்கும் அது தவறாகப் படவில்லை.

நான் அவர்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை. லாண்டரியின் மாடியில் வாடகைக்கு இருப்பவன். மூக்குக் கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் அரைக்கிறேன். என் மனைவி சபையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவள் இறந்து பதினோரு மாதம் ஆகிறது. அதன் பிறகு நான் போகவில்லை.

அன்று நான்காவது நாளாக மழை. லாண்டரியில் லாட்ஜின் படுக்கை விரிப்புகள் அறுபது ஈரத்தோடு கிடந்தன. டிரையர் நின்றுவிட்டது. பொத்தானை அழுத்தினால் ஒரு முனகல், பிறகு ஒன்றுமில்லை. கூப்பிட்ட எலக்ட்ரீஷியன்கள் எல்லாரும் நாளைக்கு என்றார்கள். தெரு முழுக்க ஈரச் சுவர், தெரு முழுக்க ஷாக். நான் வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கும்போது லாண்டரி அக்காவும் அவர் கணவரும் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“ஃபியூஸைக் கூப்பிடுங்க.”

“அவரையா? நீதானே சொன்ன, அவர் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு.”

“மூஞ்சியை யாரு பார்க்கப் போறா? டிரையர் ஓடினா போதும். நான் உள்ள இருக்கேன்.”

ஃபியூஸ் என்பது சபையில் அவருக்கு இருந்த பெயர். எது பழுதானாலும் பார்க்காமலே ‘ஃபியூஸ் போயிருக்கும்’ என்பார். கல்யாணம் ஆகாதவர். ஐம்பத்தெட்டு வயது. ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. சபை கூடும் ஹாலில் மைக்கும் ஸ்பீக்கரும் அவர் பொறுப்பு.

சண்டை மைக்கில்தான் வந்தது. அக்காதான் ஆராதனையில் முதல் பாட்டை எடுத்துக்கொடுப்பார். பெரிய குரல். சுருதியில் நிற்காது. ஒரு ஞாயிறு ஃபியூஸ் அக்காவின் மைக்கைச் சத்தமில்லாமல் குறைத்துக் குறைத்து அணைத்தே விட்டார். யாருக்கும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறும் அப்படியே. இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் பாட்டு நடுவில் கரண்ட் போனது. கிடார் நின்றது, ஸ்பீக்கர் நின்றது. அக்காவின் பாட்டு மட்டும் அப்படியே இருந்தது. துளி கூடக் குறையவில்லை. அக்கா கடைசி அடிவரை பாடி முடித்தார். மைக்கைக் கையில் வைத்து ஒரு பார்வை பார்த்தார். நடுவில் நடந்து பின்வரிசைக்குப் போய், ஃபியூஸின் மேஜையில் தன் மைக்கின் பட்டன் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மைக்கை அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார். அதோடு சபையில் அவர் பாடவில்லை. மூன்று வருடம். இந்தக் கதையை என் மனைவி சொல்லத் தொடங்கினால் முடிக்க மாட்டாள். கரண்ட் போகும் இடத்திலேயே சிரிப்பு வந்துவிடும்.

மழை குறையட்டும் என்று நான் வாசலிலேயே நின்றிருந்தபோது ஃபியூஸ் வந்தார். குடையை வாசலில் சாய்த்தார். டிரையரின் பின்பலகையைக் கழற்றினார். அரை மணி நேரத்தில் டிரம் சுற்றியது. லாண்டரிக்காரர், “என்ன பிரதர் ஆச்சு?” என்றார். ஃபியூஸ் ஏதோ சொல்ல வாய் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. வலது கையிலிருந்து ஸ்க்ரூடிரைவர் விழுந்தது. பிறகு அவரே ஈர விரிப்புகளின் குவியல் மேல் சரிந்தார். முகத்தைப் பார்க்க மாட்டேன் என்று உள்ளே இருந்த அக்காதான் முதலில் ஓடி வந்தார். லாண்டரி வேனில் துணி மூட்டைகளை இறக்கிவிட்டு அவரை ஏற்றினோம்.

மத்தியானத்துக்குள் சபை மருத்துவமனைக்கு வந்துவிட்டது. வரவர வராந்தா நிறைந்தது. ஈரக் குடைகள், பிளாஸ்க், ரொட்டிப் பொட்டலம். பாஸ்டர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர், யூனிஃபார்மோடு வந்தார். வார்டு நர்ஸ் கதவில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்.

“நீங்க?”

“பிரதர்.”

“நீங்க?”

“சிஸ்டர்.”

“நீங்க?”

“பிரதர்தாங்க.”

“மொத்தம் எத்தனை பேரு?”

யாரோ எண்ணிக்கையை யோசித்து நேர்மையாகச் சொன்னார்: “நாப்பத்தி மூணு. ரெண்டு பேர் இன்னும் வரல.”

நர்ஸ் தலையில் கை வைத்தார். “அந்தத் தாய் பாவம்ங்க” என்றார். பிறகு, “ஒரு நேரத்துல ஒரு பிரதர். மத்தவங்க கீழ போங்க” என்றார். கடைசியாக என்னிடம் வந்தார். “நீங்களும் பிரதரா?”

“இல்லை” என்றேன். “வேனில் கூட வந்தேன்.”

அந்த வராந்தா எனக்குப் பதினோரு மாதத்துக்கு முன்பே தெரியும். தண்ணீர்க் குழாய் எங்கே இருக்கிறது என்று மற்றவர்களுக்குச் சொன்னேன். அதற்குமேல் அங்கே நிற்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் டிஸ்சார்ஜ் என்றார்கள். வலது பக்கத்துக்கு அசைவு வரவில்லை. பேச்சு போய்விட்டது. சொல்வது பாதி புரிகிறது, முக்கால் புரிகிறது, டாக்டருக்கே உறுதியில்லை. மூன்றாவது மாடி அறைக்கு அவரைக் கொண்டுபோக முடியாது. நர்ஸ் படிவத்தைப் புரட்டினார்.

“சகோதரன்னு ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருக்காரே. அவர் எங்க?”

லாண்டரிக்காரர் திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

“நான்தாங்க” என்றார்.

அக்காவுக்குத் தகவல் வேன் வாசலில் வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது.

“என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்ப?”

“முடியாதுன்னு சொல்லியிருப்பேன்.”

“அதான் கேக்கல.”

“அவர் உங்களுக்கு அண்ணன்னா எனக்கு என்ன முறை ஆகுது?”

“மச்சாண்டார்.”

“சபையில எனக்கும் அவர் பிரதர்தானே. ஒரே ஆளு எப்படிங்க அண்ணனாவும் இருப்பாரு மச்சாண்டாராவும் இருப்பாரு?”

“அப்படிப் பார்த்தா நீ எனக்கு சிஸ்டர். இருபத்திரெண்டு வருஷமா குடும்பம் நடத்தலையா?”

“கர்த்தரே, இந்த ஆளை நான் என்ன பண்றது” என்று சொல்லிக்கொண்டே அக்கா இஸ்திரி மேஜைக்குப் பின்னால் இருந்த அறையை ஒழிக்கத் தொடங்கினார். சலவைத்தூள் டப்பாக்கள், உடைந்த ஹேங்கர்கள், யாரும் வாங்க வராத கோட்டுகள் எல்லாம் வெளியே வந்தன. பாய்லர் அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். மழைக்காலத்தில் அந்த வீட்டிலேயே உலர்ந்த இடம் அது.

ஃபியூஸை மருத்துவமனை விரிப்போடு தூக்கிவந்து அங்கே கட்டிலில் கிடத்தினோம். அக்கா அந்த விரிப்பின் முனையை முகர்ந்து பார்த்தார். “அலசல் பத்தல” என்றார். அவரை ஒரு பக்கம் உருட்டி, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை விரித்து, மறுபக்கம் உருட்டி இழுத்தார். மருத்துவமனையில் நர்ஸ் செய்ததை ஒரு முறைதான் பார்த்திருந்தார். அக்கா செய்ததில் ஒரு சுருக்கம் இல்லை. உள்ளங்கையால் நீவிப் பார்த்தார். “சுருக்கம் இருந்தா முதுகுல புண்ணு வந்துடும்” என்று என்னிடம் சொன்னார். ஃபியூஸிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தையும் பார்க்கவில்லை.

மறுநாள் பாஸ்டர் வந்து ஒரு அட்டையைச் சுவரில் மாட்டினார். துணிகளில் கட்டுகிற டோக்கன் அட்டைகளைச் சேர்த்து ஒட்டியது. ஏழு நாள், நாளுக்கு மூன்று வேளை. யார் சூப் கொண்டுவருவது, யார் கால் பிடித்துவிடுவது, யார் மத்தியானம் உட்காருவது. செவ்வாயும் வெள்ளியும் மாலையில் ‘ஷேவிங்’ என்று போட்டு என் பெயர் இருந்தது. யாரும் என்னைக் கேட்கவில்லை.

அக்காவிடம் போனேன். “என் பேர் ஏன் இதுல இருக்கு?”

அக்கா ஒரு காலரை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. “உங்க வீட்டு சிஸ்டர் இருந்திருந்தா அவங்க பேர் இருந்திருக்கும் பிரதர். அந்த இடம் காலியா இருந்துச்சு. பாஸ்டர் எழுதிட்டாரு.”

வேண்டாம் என்று சொல்ல வந்தவன் சொல்லாமல் மேலே போனேன். வெள்ளிக்கிழமை ரேஸரோடு இறங்கி வந்தேன்.

எனக்குக் கை நடுங்காது. என் தொழிலில் அரை மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் ஃபிரேமில் உட்காராது. ஃபியூஸின் வலது கன்னம் தொங்கியிருந்தது. விரலால் தோலை மேலே இழுத்துப் பிடித்துச் சிரைக்க வேண்டும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேசவில்லை. அவரால் பேச முடியாது. அந்த அரை மணி நேரம் எனக்குச் சிரமமாக இல்லை. முடித்துத் துண்டால் துடைத்ததும் அவர் சொன்னார்:

“போ.”

நான் எழுந்துகொண்டேன். லாண்டரிக்காரர் சிரித்தார்.

“உட்காருங்க பிரதர். நன்றி சொல்றாரு.”

அப்போதுதான் தெரிந்தது. எல்லாம் போனதில் அந்த ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. பசித்தால் போ. தண்ணீர் வேண்டுமானால் போ. வலித்தால் அதையே நீட்டிச் சொல்வார், கூரையைப் பார்த்து. பாஸ்டர் ஜெபம் செய்து முடிக்கும்போது எல்லாரும் ஆமென் சொல்ல, இவர் ஒரு போ சொல்வார். முதல் தடவை பாஸ்டருக்கே முகம் மாறிவிட்டது. பிறகு பழகிவிட்டது. சூப் கொண்டுவந்த ஒரு சிஸ்டர் மட்டும், முதல் கரண்டியிலேயே “போ” என்று கேட்டதும் அழுதுவிட்டார். “உப்பு கம்மியாம்” என்று லாண்டரிக்காரர் சமாதானம் செய்தார். ருசி பார்த்தால் உப்பு கம்மிதான்.

லாண்டரிக்காரர் ஒவ்வொரு போவையும் பிரித்துச் சொல்வார். சரியோ தவறோ, ஃபியூஸ் கோபப்பட்டதில்லை. காலையில் அவர் உடம்பைத் துடைத்துவிடுவது லாண்டரிக்காரர்தான். இரண்டு பேரும் மூன்று வருடம் சரியாகப் பேசாமல் இருந்ததை ஈடுகட்டுவதுபோல இவர் பேசிக்கொண்டே இருப்பார், அவர் போ போட்டுக்கொண்டே இருப்பார்.

“அன்னைக்கு அந்த மைக் விஷயத்துல நான் பேசினது ஜாஸ்திதான் பிரதர்.”

“போ.”

“ஆனா நீங்களும் பண்ணது சரியில்ல. நேரா சொல்லியிருக்கலாம்.”

“போ.”

“அவகிட்ட நேரா சொல்ல முடியாதுதான். நானே சொன்னதில்ல.”

அறைக்கு வெளியே இஸ்திரிப் பெட்டி கொஞ்சம் ஓங்கி மேஜையில் விழுந்தது.

பதினைந்து நாள் கழித்து மருத்துவமனையின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவிலிருந்து ஒரு மேடம் வந்தார். கோப்பு, குடை, நல்ல நடை. கட்டிலைப் பார்த்தார், ஃபியூஸின் முதுகைப் பார்த்தார், குதிகாலைப் பார்த்தார். திருப்திதான். பிறகு கோப்பைத் திறந்தார்.

“உங்க அப்பா பேரு வேற, அவங்க அப்பா பேரு வேற. நீங்க எப்படி சகோதரன்?”

லாண்டரிக்காரர் விழித்தார். “பிரதர்னுதாங்க கூப்பிடுவேன்.”

“நான் கூடத்தான் எங்க ஆபீஸ் டிரைவரை அண்ணேன்னு கூப்பிடுறேன். அவருக்காக நான் எங்கயும் போய் தங்கச்சின்னு கையெழுத்துப் போடுறதில்ல.”

“போட வேண்டி வந்தா போடுவீங்க மேடம்” என்றார் அக்கா, வாசலில் நின்று.

மேடம் அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னார். உறவு இல்லாத நோயாளியை உறவு இல்லாத வீட்டில் விட்டுவைக்க விதி இல்லை. அரசு இல்லத்தில் இடம் கேட்டு எழுதியாக வேண்டும். இல்லம் பஸ்ஸில் ஆறு மணி நேரத் தூரம். ஒரே ஒரு வழி இருக்கிறது. நோயாளி தானே விரும்பி இங்கே இருப்பதாகத் தெரிவிக்க வேண்டும்.

“என் முன்னாடி தெரிவிக்கணும். வாயால சொல்லலாம், எழுதிக் காட்டலாம், எப்படியோ எனக்குத் தெளிவா புரியணும். நீங்க மொழிபெயர்த்துச் சொல்லக் கூடாது. அடுத்த வியாழக்கிழமை வரேன்.” குடையை எடுத்துக்கொண்டு கட்டிலைப் பார்த்துக் கும்பிட்டார். “வரேங்க.”

“போ” என்றார் ஃபியூஸ்.

எங்கள் முகங்களை மேடம் ஒரு தரம் பார்த்துவிட்டுப் போனார்.

எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் லாண்டரியில் ஒரே பாடம். ‘இரு’ என்று சொல்ல வைக்க வேண்டும். முடியாவிட்டால் ‘சரி’. அதுவும் முடியாவிட்டால் தலையாட்ட வேண்டும். தலை ஆடியது, ஆனால் எதற்கும் ஆடியது. “உங்க பேரு யானையா?” என்று பாஸ்டர் சோதித்தபோதும் ஆடியது. இடது கையில் பென்சில் கொடுத்தோம். வட்டம் வட்டமாகப் போட்டார்.

“இரு. சொல்லுங்க பிரதர். இ… ரு.”

அவர் வாய் வெகு நேரம் அந்தச் சொல்லைத் தேடும். உதடு குவியும். நெற்றி வேர்க்கும். எல்லாரும் மூச்சைப் பிடித்திருப்போம்.

“போ.”

சொன்ன பிறகு அவருக்கே தெரிந்துவிடும். கண் மூடிக்கொள்வார். மூன்றாம் நாள் நான் அந்தப் பாடத்தை நிறுத்தச் சொன்னேன். சபை விஷயத்தில் நான் வாய் திறந்து சொன்ன முதல் யோசனை அதுவாகத்தான் இருக்கும். நிறுத்தவில்லை.

பயிற்சி கொடுக்க வந்த நர்ஸ் ஒரு வழி சொன்னார். பேச்சு போன சிலருக்குப் பாட்டாகச் சொன்னால் வார்த்தை வருமாம். மூளையில் அது வேறு இடமாம். “நல்லா தெரிஞ்ச பாட்டா பாருங்க. கூடச் சேர்ந்து யாராவது பாடணும்.”

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

“நான் மாட்டேன்” என்றார் அக்கா. “வேற யாராவது பாடுங்க. ஊரெல்லாம் குயில்தானே.”

பாடினார்கள். கிடார் பிரதர் வந்து பாடினார். பாஸ்டரின் மனைவி பாடினார். ஃபியூஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மரியாதையாகக் கேட்டார். வாய் அசையவே இல்லை.

செவ்வாய் மாலை நான் ரேஸரோடு இறங்கியபோது லாண்டரிக்காரர் டெலிவரிக்குப் போயிருந்தார். ஃபியூஸின் அறையிலிருந்து குரல் வந்தது. படியிலேயே நின்றேன், திறந்த கதவு வழியே கட்டில் தெரிந்தது. அக்கா கட்டிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தலையணை உறைகளை அடுக்கியபடி, நடுவில் மூன்று வருடம் போகாத மாதிரி ஒரு பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். பெரிய குரல்தான். ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது. இரண்டாவது அடியில் சுருதி இறங்கியது. கட்டிலில் ஃபியூஸின் முகம் எலுமிச்சை கடித்தது போலச் சுருங்கியது. இடது கை மெல்ல எழுந்து, ஆள்காட்டி விரல் கூரையைக் காட்டியது. மேலே. இன்னும் மேலே.

அக்கா திரும்பினார். அந்த விரலைப் பார்த்தார்.

“பார்த்தீங்களா பிரதர்!” என்று என்னிடம் கத்தினார். “பார்த்தீங்களா இந்த அநியாயத்தை! பீ அள்ளுறேன், மூத்திரம் அள்ளுறேன், பாட்டுன்னா மட்டும் இந்த ஆளுக்கு நான் ஆகாது!”

“போ” என்றார் ஃபியூஸ்.

“நீங்க போங்க! வியாழக்கிழமை மேடம் வராங்க, அவங்ககூடவே போங்க!”

சொல்லிவிட்டு அக்கா அங்கேயே நின்றார். உதட்டைக் கடித்தார். தலையணை உறையை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அதை அழுக்குக் கூடையில் போட்டார்.

அன்று நான் சிரைத்து முடிக்க நேரம் ஆயிற்று. ஃபியூஸ் முகத்தை என் பக்கம் திருப்பவே இல்லை.

வியாழக்கிழமை மழை விட்டிருந்தது. மூன்று மணிக்கு மேடம் வந்தார். கூடவே ஒரு வேன். இல்லத்தில் இடம் கிடைத்துவிட்டதாம், சம்மதம் இல்லையென்றால் இன்றே ஏற்றிவிடலாம் என்றார். பாஸ்டரும் வந்திருந்தார். நான் கடையில் அரை நாள் சொல்லிவிட்டு வந்திருந்தேன். ஃபியூஸைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்து முன்னால் கொண்டுவந்தோம். சலவைச் சட்டை. காலர் கத்திபோல நின்றது. அக்கா செய்தது.

மேடம் அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார்.

“இங்கேயே இருக்கணும்னு விரும்புறீங்களா?”

“போ.”

மேடம் எழுதினார். “எங்க கூட இல்லத்துக்கு வரீங்களா?”

“போ.”

“ரெண்டுக்கும் ஒரே பதில்.”

“மேடம், முதல் போ வேற, ரெண்டாவது போ வேற” என்றார் லாண்டரிக்காரர்.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாதாங்க கேட்டுச்சு.”

“முதல்ல சொன்னப்போ புருவம்…”

“மொழிபெயர்க்கக் கூடாதுன்னு சொன்னேனே.”

லாண்டரிக்காரர் வாயை மூடிக்கொண்டார். பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். டிரையர் நின்று மணி அடித்தது.

அக்கா எழுந்தார். “நாலு மணிக்கு லாட்ஜ் வண்டி வந்துடும். நிக்க மாட்டான்” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, சூடான விரிப்புகளை அள்ளிக்கொண்டு வந்து மேஜையில் போட்டார். பெரிய விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். எப்போதும் அவரும் கணவரும் ஆளுக்கொரு முனை பிடிப்பார்கள். கணவர் ஸ்டூலுக்குப் பின்னால் குற்றவாளிபோல நின்றிருந்தார். அக்கா தனியாக உதறினார். மறுமுனை பறந்து போய் ஃபியூஸின் மடியில் விழுந்தது.

அக்கா இழுத்தார். வரவில்லை.

ஃபியூஸின் இடது கை அதைப் பிடித்திருந்தது.

“விடுங்க” என்றார் அக்கா.

விடவில்லை. முனையைத் தேடி, இரண்டு மூலைகளையும் ஒரே கையில் சேர்த்துப் பிடித்து, நெஞ்சோடு இழுத்தார். விரிப்பு விறைத்தது. அக்கா ஒரு நிமிடம் அவர் முகத்தைப் பார்த்தார். அந்த வீட்டுக்கு அவர் வந்த பிறகு அக்கா அவர் முகத்தை நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பிறகு தன் பக்கத்தை மடித்து, இழுத்து, நடந்து வந்து அவர் கையிலிருந்ததோடு சேர்த்தார். ஒன்று முடிந்தது. அடுத்ததை உதறி அவர் மடிக்கே வீசினார். மூன்று விரிப்பு. நான்கு. மேடம் பேனாவை மூடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாவதில் அக்கா முனகத் தொடங்கினார். அவருக்கே தெரியாமல் வந்தது. செவ்வாய்க்கிழமைப் பாட்டுதான். இரண்டாவது அடி. ஃபியூஸின் முகம் சுருங்கியது. கை ஒழிவில்லை. விரிப்பையே வெடுக்கென்று மேல்நோக்கி இழுத்தார். இன்னொரு தரம் இழுத்தார்.

“ஏத்தித்தான் பாடுறேன்! இதுக்கு மேல ஏத்தினா தொண்டை கிழிஞ்சிடும்!”

“என்ன சொல்றார்?” என்றார் மேடம்.

“சுருதி பத்தலையாம்” என்றார் அக்கா கடுப்போடு. “இது மொழிபெயர்ப்பு இல்ல மேடம். இது எனக்கு மூணு வருஷமா புரியும்.”

மேடம் சிரித்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்தார். சக்கர நாற்காலியின் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார்.

“சரிங்க. பாட்டும் நல்லால்ல. வேலையும் வாங்குறாங்க. வாங்க, நாம கிளம்பலாம். வண்டி நிக்குது.”

நாற்காலியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். விரிப்பு அக்காவுக்கும் ஃபியூஸுக்கும் நடுவில் விறைத்துக்கொண்டு வந்தது. அக்கா விடவில்லை. ஃபியூஸும் விடவில்லை. அவருடைய இடது கால் பலகையிலிருந்து இறங்கித் தரையில் ஊன்றியது. நாற்காலி நின்றது. மேடம் இன்னும் கொஞ்சம் இழுத்தார். செருப்பு தரையில் கீச்சென்று தேய்ந்தது. ஃபியூஸ் கழுத்தைத் திருப்ப முடிந்த அளவு திருப்பி, மேடத்தின் கையைப் பார்த்துச் சொன்னார்.

“போ!”

மேடம் கைப்பிடியை விட்டார்.

“இது புரிஞ்சுதுங்க” என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். லாண்டரிக்காரர் பொறுக்க முடியாமல் குனிந்தார். “என்ன மேடம் எழுதுறீங்க?”

“போகச் சொல்றார்னு எழுதுறேன். என்னை.”

பிறகு வீட்டில் பராமரிப்பவர்கள் பட்டியல் கேட்டார். பாஸ்டர் சுவரிலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தார். மேடம் ஒவ்வொரு பெயரையும் எழுதி, உறவுமுறைக் கட்டத்தில் ‘சபை’ என்று போட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் வந்து நின்றார்.

“நீங்களும் சபைதானா?”

“இல்லைங்க. மாடியில…”

“அவன் என் தம்பி” என்றார் அக்கா. விரிப்பின் மூலையைத் தட்டிச் சரிசெய்துகொண்டிருந்தார். நான்கு வருடமாக என்னைப் பிரதர் என்றும் வாங்க போங்க என்றும்தான் பேசியிருக்கிறார். “எழுதுங்க மேடம். அப்பா பேரெல்லாம் கேக்காதீங்க.”

மேடம் எழுதிக்கொண்டார். நான் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஃபியூஸை ஆராதனைக்குக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. ஹால் ஒரு டயர் கடையின் மாடியில் இருக்கிறது. இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். சக்கர நாற்காலி திரும்பாது. கைவைத்த மர நாற்காலியில் அவரை உட்கார வைத்து, இடுப்பைச் சுற்றி ஒரு விரிப்பை இறுக்கிக் கட்டினார் அக்கா. நான்கு பேர் தூக்க வேண்டும். லாண்டரிக்காரர், பாஸ்டர், கிடார் பிரதர். நான்காவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்று தகவல் வந்தது. அக்கா என்னை வந்து கூப்பிடவில்லை. மாடியைப் பார்த்து, “தம்பி!” என்று ஒரு சத்தம் போட்டார். மைக் தேவையில்லாத குரல்.

நாற்காலியின் பின்வலது கால் எனக்கு வந்தது. பாரம் அந்தப் பக்கம்தான் சாய்ந்தது.

“என்ன பிரதர் இந்த கனம்? ஆஸ்பத்திரியில இளைச்சுட்டீங்கன்னாங்க” என்றார் கிடார் பிரதர்.

“எல்லாம் சபை சூப்பு” என்றார் பாஸ்டர்.

திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றோம். ஃபியூஸ் மேலே பார்த்தார். இன்னும் பதினோரு படி. ஹால் கதவு திறந்திருந்தது. உள்ளே பாட்டு தொடங்கியிருக்கவில்லை, நாற்காலிகள் இழுபடும் சத்தம்தான்.

“போ” என்றார்.

தூக்கினோம். ஒரு படி ஏறினோம்.

“போ.”

“போய்க்கிட்டுதானே இருக்கோம்!” என்றார் லாண்டரிக்காரர், முகமெல்லாம் வேர்வையோடு.

“போ. போ.”

சிரித்ததில் பாஸ்டருக்குப் பிடி தளர்ந்தது. ஒரு கணம் நாற்காலி முழுவதும் என் தோளில் இருந்தது. படியில் காலை முட்டுக்கொடுத்துத் தாங்கினேன். கீழேயிருந்து அக்கா, “அவன் மேலயே போட்டுடாதீங்க!” என்று கத்தினார். மறுபடி பிடித்துக்கொண்டார்கள். மேலே போய்ச் சேர்ந்தோம்.

அவரை முன்வரிசையில் ஓரமாக வைத்தோம். கட்டியிருந்த விரிப்பை நான்தான் அவிழ்த்தேன். மேடையில் கிடார் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. எனக்குத் தோள் எரிந்தது. சட்டை நனைந்திருந்தது. வீட்டுக்குப் போய்க் குளித்தால் போதும் என்று கதவு வரை வந்தேன்.

ஆராதனை முடிய இரண்டு மணி நேரம் ஆகும். முடிந்ததும் அவரை இறக்க வேண்டும். ஏற்றுவதைவிட இறக்குவது கடினம், அதற்கும் நான்கு பேர் வேண்டும்.

திரும்பிப் போய் அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.